சேவைக் கழகங்களின் வாராந்தரக் கூட்டமும் உள்ளூர்ச் சுற்றுலா மீட்சியும்

சேவைக் கழகம் என்பது ஓர் ஊரில் பல்வேறு தொழில்களைச் செய்வோர் தன்னார்வமாக ஒன்றுகூடிப் பொதுப்பணி செய்வதற்கென நடத்தும் அமைப்பு ஆகும். ரோட்டரி, லயன்ஸ், கிவானிஸ் ஆகியவை உலகளவில் பரவலாக அறியப்பட்ட சேவைக் கழகங்கள். இலங்கையில் இவை பொதுவாகக் 'கழகம்' என்றும், தமிழ்நாட்டில் 'சங்கம்' என்றும் அழைக்கப்படுகின்றன. லயன்ஸ் அமைப்புக்குத் தமிழ்நாட்டில் 'அரிமா சங்கம்' என்ற பெயரும் வழங்குகிறது. குறித்த நாளில் குறித்த நேரத்தில் தவறாமல் கூடும் கூட்டமே இக்கழகங்களின் அடிப்படை.

சுற்றுலா மீட்சி என்பது போர், தாக்குதல், இயற்கைப் பேரிடர், நோய்ப்பரவல், பொருளாதார நெருக்கடி போன்றவற்றால் பயணிகளை இழந்த ஓர் இடம் மீண்டும் அவர்களைப் பெறுவதைக் குறிக்கும். பயணிகளை நம்பி வாழ்ந்தவர்கள் மீண்டும் வருமானம் பெறுவதும் இதில் அடங்கும். இவ்விரண்டும் எப்போதும் ஒன்றாக நிகழ்வதில்லை. வாராந்தரக் கூட்டம் எவ்வாறு இயங்குகிறது, அது உள்ளூர்ச் சுற்றுலாவின் மீட்சிக்கு எந்த அளவுக்கு உதவக்கூடும், எங்கே அதன் எல்லை முடிகிறது என்பவற்றை இலங்கையின் அனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சேவைக் கழகங்களின் தோற்றம்

1905 பெப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தம் நண்பர்கள் மூவருடன் கூடிப் பேசினார். குஸ்டாவஸ் லோர் சுரங்கப் பொறியியலாளர். சில்வெஸ்டர் ஷீல் நிலக்கரி வணிகர். ஹைரம் ஷோரி தையல் தொழில் நடத்தியவர். முதற்கூட்டம் லோரின் அலுவலகத்தில் நடந்தது. பின்னர் உறுப்பினர்களின் பணியிடங்களில் சுழற்சி முறையில் கூடியதால் 'ரோட்டரி' என்ற பெயர் வந்தது. தமிழில் 'சுழற்கழகம்', 'சுழற்சங்கம்' என்று வழங்கும் பெயர்கள் இப்பொருளிலேயே அமைந்தவை.

முதல் நால்வரும் நான்கு வெவ்வேறு தொழிலைச் சேர்ந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள் கூடினால் அது வணிகர் சங்கம் ஆகிவிடும். வெவ்வேறு தொழிலினர் கூடினால் ஊரின் ஒரு சிறு வடிவம் மேசையைச் சுற்றி அமர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு தொழிலிலிருந்தும் உறுப்பினரைச் சேர்க்கும் இந்த 'தொழில் வகைப்பாடு' ரோட்டரியின் தனித்தன்மையாக நிலைபெற்றது.

கிவானிஸ் 1915-இல் டெட்ராய்ட் நகரிலும், லயன்ஸ் 1917-இல் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்புறுதித் தொழில் முனைவோரின் முயற்சியால் சிக்காகோவிலும் தொடங்கின. இலங்கையின் முதல் ரோட்டரிக் கழகம் 1929-இல் கொழும்பில் அமைந்தது. இன்று இலங்கையும் மாலைதீவும் சேர்ந்து ரோட்டரியின் 3220ஆம் மாவட்டமாக உள்ளன. இலங்கையரான கே. ஆர். ரவீந்திரன் 2015–16 காலத்தில் பன்னாட்டு ரோட்டரியின் தலைவராகப் பணியாற்றினார்.

வாராந்தரக் கூட்டத்தின் நடைமுறை

ஒரு வழக்கமான ரோட்டரிக் கூட்டம் மதிய உணவு அல்லது இரவு உணவு வேளையில் நடக்கும். ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் நீடிக்கும். ஊருக்கு ஊர் சிறு மாறுபாடுகள் இருந்தாலும் பொதுவான ஒழுங்கு பின்வருமாறு அமையும்:

1. தலைவர் மணியடித்துக் கூட்டத்தைத் தொடங்கிவைத்தல்.
2. விருந்தினரையும், வேறு ஊர்க் கழகங்களிலிருந்து வந்த உறுப்பினரையும் அறிமுகப்படுத்துதல்.
3. செயலாளரின் அறிவிப்புகள், நடந்துவரும் பணிகளின் நிலைமை.
4. உறுப்பினர்கள் தம் நற்செய்திகளைச் சொல்லிச் சிறுதொகை வழங்குதல் அல்லது வேடிக்கையாகத் தண்டம் கட்டுதல். லயன்ஸ் கழகங்களில் இதற்கென்றே 'டெயில் ட்விஸ்டர்' என்ற பொறுப்பாளர் உண்டு.
5. அழைக்கப்பட்ட பேச்சாளரின் உரை. அதன்பின் கேள்வி பதில்.
6. நன்றியுரையுடன் மணியடித்து நிறைவுசெய்தல்.

பேச்சாளரின் உரை பெரும்பாலும் இருபது நிமிட அளவில் முடிந்துவிடும். மருத்துவர், நீர்வழங்கல் பொறியியலாளர், பள்ளி அதிபர், காவல்துறை அதிகாரி, சுற்றுலாத்துறை அலுவலர் என வாரந்தோறும் ஒருவர் வருவார். ஊரில் எது நடக்கிறது, எது நடக்காமல் நிற்கிறது என்பதை உறுப்பினர்கள் அறிய இது வழியாகிறது.

பல கழகங்களில் 'நான்குவழிச் சோதனை' எனப்படும் நான்கு கேள்விகளும் கூட்டத்தில் சொல்லப்படும். ஹெர்பர்ட் டெய்லர் என்ற தொழில் நிர்வாகி 1932-இல் நலிந்துபோயிருந்த நிறுவனம் ஒன்றைத் தூக்கிநிறுத்த முயன்றபோது தம் ஊழியர்களுக்காக இதை வகுத்தார். ஒரு செயல் உண்மையானதா, நியாயமானதா, நல்லுறவை வளர்ப்பதா, தொடர்புடைய எல்லோருக்கும் நன்மை தருவதா என்று கேட்பதே அதன் சாரம். தொழில் வீழ்ச்சியிலிருந்து மீளும் முயற்சியில் பிறந்த சோதனை என்பதால், சுற்றுலா மீட்சியைப் பற்றிப் பேசும்போது இது பொருத்தமான அளவுகோலாகவும் அமைகிறது.

வருகை விதி முன்னர் கண்டிப்பானது. தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வராதவர் உறுப்புரிமையை இழக்கக்கூடும். வெளியூர் செல்பவர் அங்குள்ள கழகத்தின் கூட்டத்தில் கலந்துகொண்டு தம் வருகைக் குறையை ஈடுசெய்யலாம். 2016-இல் ரோட்டரியின் சட்டமியற்றும் மன்றம் இவ்விதிகளைத் தளர்த்தியது; மாதத்துக்குக் குறைந்தது இருமுறை கூடினால் போதும் என்றாயிற்று. கோவிட் காலத்தில் பல கூட்டங்கள் ஸூம் செயலிக்கு மாறின. எனினும் வாரம் ஒருமுறை கூடும் மரபைப் பல கழகங்கள் இன்றும் கைவிடவில்லை.

சுற்றுலா என்னும் சங்கிலி

சுற்றுலாவில் ஒரு பொருளை ஒருவர் மட்டும் விற்பதில்லை. விமானத்தில் வந்திறங்கும் பயணியை வான் சாரதி அழைத்துச் செல்கிறார். ஹோட்டலில் தங்குகிறார், அங்கே பரிமாறப்படும் மீனை மீனவர் தருகிறார், படுக்கை விரிப்பைச் சலவைக்காரர் வெளுக்கிறார். வழிகாட்டி கோயிலைக் காட்டுகிறார். கடைக்காரர் துணி விற்கிறார். முச்சக்கரவண்டிக்காரர் கடற்கரைக்கு ஏற்றிச் செல்கிறார். இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மற்றவை பயனற்றுப்போகும்.

நெருக்கடி வரும்போது சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் ஒரே நேரத்தில் அறுகின்றன. ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாகவே தவிக்கின்றனர். பயணிகள் வருவார்கள் என்ற உறுதியில்லாமல் ஹோட்டல்காரர் பணியாளரைத் திரும்ப அழைக்கமாட்டார். ஹோட்டல் திறக்கும் என்ற உறுதியில்லாமல் சமையற்காரர் ஊருக்குத் திரும்பமாட்டார். வானை லீசிங்கில் எடுத்தவருக்கோ பயணி வந்தாலும் வராவிட்டாலும் மாதத் தவணை நிற்காது. எல்லோரும் மற்றவருக்காகக் காத்திருக்கும் இந்த நிலையை உடைப்பதே உள்ளூர் மீட்சியின் முதல் வேலை. வெவ்வேறு தொழிலினர் முன்பே ஒருவரையொருவர் அறிந்து, குறித்த நாளில் சந்திக்கும் மேசை ஒன்று ஊரில் இருப்பது இங்கேதான் பயன்படுகிறது.

இலங்கையின் அனுபவம்

உள்நாட்டுப் போர் முடிந்த 2009 முதல் இலங்கையின் சுற்றுலா ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. வெளிநாட்டுப் பயணிகளின் வருகை வருமாறு:

2009 – 447,890
2018 – 2,333,796
2019 – 1,913,702
2020 – 507,704
2021 – 194,495
2022 – 719,978
2023 – 1,487,303
2024 – 2,053,465

இந்த எண்களுக்குப் பின்னால் தனித்தனி இயல்புடைய பல நெருக்கடிகள் உள்ளன. அவற்றுக்கு முன் நேர்ந்த ஆழிப்பேரலையும் இங்கே சேர்த்து நோக்கத்தக்கது.

2004 ஆழிப்பேரலை

2004 டிசம்பர் 26 அன்று இலங்கையின் கரையோரங்களில் 30,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தெற்கிலும் கிழக்கிலும் கடற்கரை விடுதிகள் அழிந்தன. ஆனால் 2004-இல் 566,202 ஆக இருந்த வருகை 2005-இல் 549,308 ஆக மட்டுமே குறைந்தது. நிவாரணப் பணியாளர்களும், உறவினரைப் பார்க்க வந்த புலம்பெயர்ந்தோரும் இக்கணக்கில் சேர்ந்தது இதற்கு ஒரு காரணம். விமான நிலையத்தின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பேரிடர் நிகழ்ந்ததே தெரியாது. ஆகவே வருகை எண் மீட்சியின் ஓர் அளவுதான். முழு அளவு அன்று.

கடலிலிருந்து தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர் வரை வீடு கட்டக்கூடாது என்று அப்போது அரசு விதித்தது. மீனவர்கள் கரையைவிட்டு விலக்கப்படுகையில் சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு அளிக்கப்படுகிறது என்ற கண்டனம் எழுந்தது. அறுகம்பேயைப் பெரிய சுற்றுலா மையமாக மாற்றும் திட்டத்தை அவ்வூர் மக்கள் எதிர்த்தனர். இவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது. சுற்றுலாவை மீட்பதும் ஊரை மீட்பதும் எதிரெதிராக நிற்கக்கூடும் என்பதற்கு இது தெளிவான சான்று.

இக்காலத்தில் இலங்கை ரோட்டரிக் கழகங்கள் தனியார் நிறுவனங்களுடன் சேர்ந்து, ரவீந்திரனின் தலைமையில், ஆழிப்பேரலையால் அழிந்த 25 பள்ளிகளை மீளக் கட்டின. இதனால் 15,000 மாணவர்கள் பயன்பெற்றனர். இது சுற்றுலாத் திட்டம் அன்று. ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளி இருந்தால்தான் குடும்பங்கள் கரையோர ஊர்களில் மீண்டும் வாழும். குடும்பங்கள் வாழ்ந்தால்தான் அங்கே சந்தையும் கடையும் விடுதியும் இயங்கும்.

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்

புகழ்பெற்ற பயண வழிகாட்டி நூல்களை வெளியிடும் லோன்லி பிளானெட் நிறுவனம் 2019-இல் செல்லத்தக்க நாடுகளில் இலங்கைக்கு முதலிடம் அளித்திருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 21 அன்று கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் தேவாலயங்களும், கொழும்பில் சொகுசு ஹோட்டல்களும் குண்டுத் தாக்குதலுக்கு உள்ளாயின. வெளிநாட்டவர் உட்பட 250-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பல நாடுகள் தம் குடிமக்களுக்குப் பயண எச்சரிக்கை விடுத்தன. 2018 மே மாதத்தில் 129,466 ஆக இருந்த வருகை 2019 மே மாதத்தில் 37,802 ஆகச் சரிந்தது.

பருவக்காற்று காரணமாக இலங்கையின் தெற்கு, மேற்குக் கரைகளில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையும், அறுகம்பே, பாசிக்குடா, நிலாவெளி போன்ற கிழக்குக் கரைகளில் ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரையும் பயணப் பருவம் அமையும். ஏப்ரல் இறுதியில் தாக்குதல் நிகழ்ந்ததால் தெற்கின் பருவம் முடியும் தறுவாயில் இருந்தது; கிழக்கின் பருவமோ தொடங்கும் முன்பே முறிந்தது. நாடு முழுவதற்குமான ஓர் எண்ணிக்கை இந்த வேறுபாட்டைக் காட்டாது.

மே நடுப்பகுதியில் வடமேல் மாகாணத்திலும் கம்பகா மாவட்டத்திலும் முஸ்லிம்களின் வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. அறுகம்பேயை உள்ளடக்கிய பொத்துவில் பகுதியில் முஸ்லிம்களே பெரும்பான்மையினர். தாக்குதலுக்கு எந்தத் தொடர்பும் இல்லாத அவர்களின் விடுதிகளும் உணவகங்களும் பயணிகளின் அச்சத்தையும் உள்நாட்டு ஐயத்தையும் ஒருசேரத் தாங்க நேர்ந்தது. இத்தகைய வேளையில் ஒரே ஊரின் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வழக்கமான நாளில் வழக்கமான மேசையில் அமர்வது சிறு செயலாகத் தோன்றினாலும், அதன் பெறுமதி பெரிது. சமய, அரசியல் சார்பற்ற உறுப்புரிமை என்ற கழக விதி ஏட்டளவில் நிற்கிறதா, நடைமுறையில் உள்ளதா என்பது அப்போதுதான் தெரியும்.

அரசு கடன் தவணைகளைத் தள்ளிவைத்தது; வரியைக் குறைத்தது; ஆகஸ்டு முதல் பல நாட்டவருக்கு விசாக் கட்டணத்தை நீக்கியது. ஹோட்டல்கள் உள்நாட்டவருக்கு விலைக்கழிவு அறிவித்தன. 2019 டிசம்பரில் வருகை 241,663-ஐ எட்டி, முந்தைய டிசம்பரின் அளவை நெருங்கியது.

2020 முதல் 2024 வரை

அந்த மீட்சி மூன்று மாதங்கள்கூட நிலைக்கவில்லை. 2020 மார்ச்சில் கோவிட் காரணமாக விமான நிலையம் மூடப்பட்டது. 2021 ஜனவரியில்தான் பொதுவான வருகைக்குத் திறக்கப்பட்டது. 2022-இல் அந்நியச் செலாவணி தீர்ந்து எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றபோது, பயணி வந்தாலும் அவரை ஏற்றிச்செல்ல வண்டிக்கு டீசல் இல்லாத நிலை உருவானது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வருகை விரைவாக உயர்ந்து, 2024-இல் மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது.

ஆறு ஆண்டுகளுக்குள் மூன்று வீழ்ச்சிகள் ஏற்பட்டதால் பயிற்சி பெற்ற பணியாளர்கள் பலர் வேறு தொழிலுக்கோ வெளிநாட்டுக்கோ சென்றுவிட்டனர். கட்டிடத்தைப் புதுப்பிப்பதைவிட ஆட்களைத் திரும்பப் பெறுவது கடினமானது.

கூட்டம் செய்யக்கூடியவை

சரியான தகவலைத் திரட்டுதல்: நெருக்கடி நேரத்தில் வதந்தி விரைவில் பரவும். எந்த வீதி திறந்துள்ளது, மருத்துவமனையில் என்ன வசதி உள்ளது, எத்தனை விடுதிகள் இயங்குகின்றன, எங்கே எரிபொருள் கிடைக்கிறது ஆகியவற்றை அறிந்தவர்கள் ஒரே மேசையில் இருந்தால் அரைமணி நேரத்தில் ஊரின் உண்மை நிலை தெளிவாகிவிடும்.

உண்மையைச் சொல்லுதல்: 'எங்கள் ஊர் பாதுகாப்பானது' என்ற விளம்பரம் பொய்யானால் அடுத்த முறை எவரும் நம்பமாட்டார். எது திறந்துள்ளது, எது திறக்கவில்லை என்று நாள் குறிப்பிட்டுச் சொல்வதே நீண்டகாலத்தில் பயன்தரும். நான்குவழிச் சோதனையின் முதற்கேள்வி இங்கே பொருந்துகிறது.

சிறு தடைகளை நீக்குதல்: கடற்கரையைத் துப்புரவாக்குதல், வழிகாட்டிகளுக்கு முதலுதவிப் பயிற்சி அளித்தல், கடன் தவணை குறித்து வங்கியுடன் பேசுதல், பெயர்ப்பலகைகளை மும்மொழியிலும் அமைத்தல் போன்றவை பெரும் நிதி வேண்டாத வேலைகள். வங்கி மேலாளரும் அச்சகத்தாரும் மருத்துவரும் உறுப்பினராக உள்ள கழகத்தில் இவற்றுக்கு ஆள் தேடி அலையவேண்டியதில்லை.

பிற ஊர்க் கழகங்களின் தொடர்பு: வெளிநாட்டு உறுப்பினர்கள் பயணத்தின்போது உள்ளூர்க் கூட்டத்துக்கு வந்து கழகக் கொடிகளைப் பரிமாறிக்கொள்வது பழைய மரபு. ஊடகத்தின் செய்தியைவிட, அங்கே சென்று திரும்பிய நண்பரின் சொல்லை மக்கள் அதிகம் நம்புவர். மாவட்ட மாநாட்டைப் பாதிக்கப்பட்ட ஊரில் நடத்தினாலே பருவமற்ற காலத்தில் சில நூறு அறைகள் நிரம்பும். 2012-இல் பாங்கொக்கிலும் 2024-இல் சிங்கப்பூரிலும் நடந்த ரோட்டரியின் பன்னாட்டு மாநாடுகள் இதன் பெரிய வடிவங்கள்.

வழக்கமான வாடிக்கை: கழகங்கள் பெரும்பாலும் ஹோட்டலிலேயே கூடுகின்றன. வாரந்தோறும் முப்பது பேருக்கான உணவு பெரிய வருமானம் ஆகாது. ஆனாலும் வெறிச்சோடிய விடுதியின் சமையலறையில் அடுப்பு எரிய அது ஒரு காரணமாகிறது.

எல்லைகளும் விமர்சனங்களும்

பயண எச்சரிக்கை, விமானச் சேவை, விசா, நாணய மதிப்பு ஆகியவற்றை எந்தக் கழகமும் தீர்மானிப்பதில்லை. 2019-இல் வருகை மீளத் தொடங்கியதற்கு நாடுகள் எச்சரிக்கையைத் தளர்த்தியதும் விமான நிறுவனங்கள் திரும்பியதும் முக்கியக் காரணங்கள். மேலும் ரோட்டரி அறக்கட்டளையின் நிதி அமைதி, நோய்த்தடுப்பு, நீர், தாய்சேய் நலம், கல்வி, சமூகப் பொருளாதார மேம்பாடு, சுற்றுச்சூழல் ஆகிய துறைகளுக்கே உரியது. உறுப்பினர் ஒருவரின் ஹோட்டலுக்கு விளம்பரம் செய்ய அதைப் பயன்படுத்த இயலாது.

இவற்றைவிடப் பெரிய கேள்வி, மேசையில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பது. உறுப்பினர் கட்டணமும் ஹோட்டல் உணவுச் செலவும் எல்லோராலும் தாங்கக்கூடியவை அல்ல. ரோட்டரியில் பெண்களைச் சேர்க்க உலகளவில் அனுமதி கிடைத்ததே 1989-இல்தான். 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அதற்கு வழிவகுத்தது. இன்றும் ஹோட்டல் உரிமையாளர் உறுப்பினராக இருப்பார். அங்கே அறை துடைக்கும் பெண் இருக்கமாட்டார். பயண முகவர் இருப்பார். லீசிங் தவணை கட்டமுடியாமல் வண்டியை இழந்த சாரதி இருக்கமாட்டார். ஊரின் சிறு வடிவம் என்று சொல்லப்படும் மேசையில் ஊரின் பாதி இல்லை.

இதனால் மீட்சித் திட்டம் மேசையில் உள்ளவர்களின் இழப்பை மட்டுமே கணக்கில் எடுக்கும் ஆபத்து உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின் மீனவர்கள் எதிர்த்ததும் இத்தகைய போக்கையே. இதற்குக் கழகத்தின் நடைமுறைக்குள்ளேயே ஓர் எளிய வழி இருக்கிறது. வாராந்தரப் பேச்சாளர் இடம் எப்போதும் வெளியாருக்குத் திறந்தே உள்ளது. அங்கே அதிகாரிகளையும் வல்லுநர்களையும் அழைப்பதுபோல மீனவர் சங்கத்தினர், முச்சக்கரவண்டிச் சங்கத்தினர், வீட்டு விடுதி நடத்தும் பெண்கள் ஆகியோரையும் அழைக்கலாம். யாருக்கு என்ன இழப்பு, எதை முதலில் சரிசெய்யவேண்டும் என்பதை அவர்களிடமிருந்தே கேட்டறிந்தால், 'தொடர்புடைய எல்லோருக்கும் நன்மையா' என்ற நான்காம் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்கும்.

வடக்கின் வாய்ப்பு

வட இலங்கையின் சுற்றுலா பெரும்பாலும் புதிதாகத் தொடங்கியது. மீட்பதற்கு முன்னைய அடித்தளம் அங்கே குறைவு. 2014 அக்டோபரில் யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2019 அக்டோபரில் பலாலி விமான நிலையம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைக்கான சேவை தொடங்கியது. கோவிட் காலத்தில் நின்ற இச்சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, விரைவில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது.

நல்லூர்த் திருவிழா, நயினாதீவு, நெடுந்தீவு, யாழ்ப்பாணக் கோட்டை ஆகியவற்றைக் காண வருவோர் பெரிய விடுதிகளில் மட்டும் தங்குவதில்லை. சிறு விடுதிகளிலும் உறவினர் வீடுகளிலும் தங்குகின்றனர். தீவுகளுக்கான படகுச் சேவையும் வழிகாட்டிகளும் உணவுக்கடைகளும் உள்ளூர் மக்களின் கையில் உள்ளன. இங்கே கழகங்களும் சனசமூக நிலையங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் தொடக்கத்திலேயே சேர்ந்து திட்டமிட்டால், தெற்கின் கரையோரங்களில் நேர்ந்த முரண்பாடுகளைப் பெருமளவு தவிர்க்கலாம்.

சுருக்கம்

சேவைக் கழகத்தின் வாராந்தரக் கூட்டம் பயணிகளைக் கொண்டுவரும் கருவி அன்று. சிதறிக் கிடக்கும் பல தொழிலினரை, நெருக்கடிக்கு முன்பே பழகிய நம்பிக்கையுடன் ஒன்றிணைக்கும் ஏற்பாடு அது. தகவலைத் திரட்டவும், சிறு தடைகளை நீக்கவும், பிற ஊர்களின் நம்பிக்கையைப் பெறவும் அதனால் இயலும். அந்த மேசையில் இடமில்லாதவர்களின் குரலும் அங்கே கேட்கும்போதுதான் வருகை எண்ணிக்கையின் உயர்வு ஊரின் மீட்சியாக மாறும்.